மூன்று ஹோட்டலும் ஒரு வீடும்

சாப்பாட்டு மேசையில் கோபே நகரம் விரித்துக் கிடக்கிறது. பயண முகவர் கொடுத்த வரைபடம். சுருண்டு போகாமல் இருக்க நாலு மூலையிலும் அவர் பாரம் வைத்திருக்கிறார்: உப்புப் போத்தல், சீனிப் பேணி, என் கைப்பை, தன் மூக்குக்கண்ணாடிக் கூடு. கையில் அளவெடுக்கும் அடிமட்டம். வேலைக்குக் கட்டிக்கொண்டு போன கழுத்துப்பட்டியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

அவர் என்றால் என் கணவர் சிவஞானம். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு இந்த அடிமட்டம் ஒன்றே போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

நானும் அப்போதுதான் வேலையால் வந்திருந்தேன். பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் கூடத்தில் நின்ற கால்கள். கிளென் வேவர்லி, மெல்பேர்னில் எங்கள் ரயில் பாதையின் கடைசி நிலையம். அங்கே இறங்கி, இன்னும் நடைபாதை போடாத தெருவால் மேடேறி வந்து, குசினி வாசலில் சோற்றுச் சட்டியோடு நிற்கிறேன். சட்டியை வைக்க மேசை வேண்டும். மேசையில் ஜப்பான் கிடக்கிறது.

"இஞ்ச பாரும்," என்றார். "இது துறைமுகத்தடியில. இது ஸ்டேஷனடியில. மற்றது மேல, மலைப்பக்கம். மூண்டில எதெண்டாலும் கந்தோர் எடுத்துத் தருமாம். நீர் என்ன சொல்லுறீர்?"

"சோறு ஆறுது எண்டு சொல்லுறன்."

"பகிடி விடாதையும்."

நான் பகிடி விடவில்லை. எனக்குப் பசி.

மெல்பேர்ன் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கும் பாரந்தூக்கிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய கந்தோர், அதாவது அவர் வேலை செய்த கம்பனி, வாங்கிய ஒன்று கோபேயில் செய்து முடிந்திருந்தது. ஏற்றி அனுப்ப முன்னர் யாராவது போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த முறை அது இவர் தலையில் விழுந்தது. எனக்கும் லீவு நிறையக் கிடந்ததால் நானும் போவதென்று முடிவு. தெரிந்தவர்களெல்லாம் கொடுத்து வைத்தவள் என்றார்கள். எனக்கென்னவோ இரண்டு வாரம் எங்கேயாவது ஒரு கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தால் போதும் என்றிருந்தது.

பயண முகவர் சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் புள்ளடி போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் வரைபடத்தில் நாலாவதாக ஒரு புள்ளி இருந்தது. பென்சிலால், கடுகளவு. அதைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு புள்ளடியிலிருந்தும் அந்தப் புள்ளிவரை அடிமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார்.

"மலைப்பக்கம்தான் நல்லது. காத்துப் பிடிக்கும்," என்றார் கடைசியில்.

வேலை கடலோரத்தில். ஹோட்டல் மலையடியில். தினமும் பஸ்ஸில் இறங்கி ஏற வேண்டும். பென்சில் புள்ளிக்குக் கிட்ட இருந்த ஹோட்டல் அதுதான். எனக்கு விளங்கியது. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டேன்.

அந்தப் புள்ளி

அது அவருடைய தம்பி கருணாகரனின் வீடு.

மூன்று பேர் அவர்கள். மூத்தவ இராசமணி மச்சாள், அடுத்தது இவர், கடைசி தம்பி. தாய் நேரத்தோடு போய்விட்டா. மச்சாள்தான் இரண்டு பேரையும் குளிக்க வார்த்து, தலை இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினவ. தம்பி கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலைக்குப் போனார். அவருக்கு மச்சாள் ஊரில் ஒரு பெண் பார்த்து, வார்த்தை கொடுத்து, கூறைச்சேலைகூட எடுத்துவிட்டா. அந்த நேரம் பார்த்துக் கோபேயிலிருந்து செய்தி வந்தது. தம்பி கப்பலை விட்டு இறங்கிவிட்டார். முத்து வியாபாரம் செய்யும் ஓர் இந்தியரின் கடையில் வேலை. கலியாணமும் முடிந்துவிட்டது. பெண்ணின் பெயர் யோஷிகோ, பாண் சுடும் பேக்கரியில் வேலை செய்கிறவ.

மச்சாள் அந்தப் பெண் வீட்டுக்குத் தனியே நடந்து போய், வாசல் படலையில் நின்று, இப்படி ஆகிவிட்டது என்று தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் உள்ளே வா என்று கேட்கவும் இல்லையாம். அன்றிலிருந்து தம்பியின் பெயர் அவ வாயில் வந்ததில்லை. பிறகு மச்சாள் தன் கணவரோடு சிட்னிக்கு வந்தா, நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தோம். பெயர் மட்டும் வரவே இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய்க் காசு கொடுத்து வெளியில் தங்கினால், இனி நீ எனக்கு ஒன்றுமில்லை என்று வீதியில் நின்று சொல்வதற்குச் சமம். தம்பி வீட்டில் தங்கினால் அக்கா போய்விடுவா. ஹோட்டலில் தங்கினால் தம்பி போய்விடுவார். இவருக்கென்று உலகத்தில் இருந்தது அந்த இரண்டு பேர்தான். அதனால்தான் மனுஷன் உப்புப் போத்தலை வைத்து ஊரை அளந்துகொண்டிருந்தார்.

ஆளுக்கொரு வழி

அந்த நாட்களில் மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கோபே செய்தி ஒரே ஞாயிறில் பரவிவிட்டது.

ஜப்பானைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆனால் எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. துறைமுகத்தடியில் நின்றால் கப்பல் பார்க்கலாம் என்றார் ஒருவர். நிலம் நடுங்கும் நாடு, மேல்மாடி எடுக்கவே வேண்டாம் என்றார் நோபல் பார்க்கிலிருந்து வந்தவர். அவருடைய மனைவி என்னைக் குசினிக்குள் கூட்டிப் போய், கட்டில் இருக்கிறதா என்று முதலில் கேள், அங்கே எல்லாரும் நிலத்தில் படுப்பார்களாம் என்றா. ஊரில் நாங்கள் எதில் படுத்தோம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

தம்பி விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டது வசந்தா ஒருத்திதான். மதராஸ்காரி, எங்களுக்கு அடுத்த தெரு, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள்.

"ஏங்க, அங்க அவரோட தம்பி இருக்கார்ல? நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் பெட்டியோட நில்லுங்க. என்ன பண்ணிடுவாங்க?"

"நாத்தனார் இருக்கிறாவே, சிட்னியில."

"ஆமா, இருக்காங்க. கோபேல இல்லைல்ல?"

சிரித்துவிட்டேன். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிஸ்கட் தட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், தேவை இருக்கிறது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், வாடகை வீட்டுக்காரியான வெள்ளைக்காரக் கிழவி தேநீருக்குக் கூப்பிட்டா. போனோம். தட்டு நிறையப் பிஸ்கட், நடுவில் ஒரு கேக். எடுங்கள் என்று நீட்டினா. "வேண்டாம், நன்றி" என்றார் இவர். நானும் அப்படியே சொன்னேன். கிழவி சரி என்று தட்டைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா.

நாங்கள் இருவரும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தோம். ஒரு மணித்தியாலம் அவவுடைய பூனையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் கண் அலுமாரியை விட்டு அகலவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது மரியாதை. மறுபடி கேட்பார்கள். இப்பத்தான் குடித்தோம் என்று சொல்ல வேண்டும், குடித்திருக்காவிட்டாலும். மூன்றாந்தரம் கேட்கும்போது கேத்தல் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். முதல் வேண்டாம் ஒரு பதிலே அல்ல. கேட்கிறவருக்கும் அது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். கிழவிக்குத் தெரியவில்லை, அவவில் பிழையுமில்லை. அதற்குப் பிறகு நான் இந்த நாட்டில் எது நீட்டினாலும் முதல் தடவையே எடுத்துவிடுவேன். அவர் பழகவே இல்லை. இன்றும் கலியாண வீடுகளில் பசியோடு திரும்பி வருவார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

தொலைபேசி

அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் பேச ஒப்பரேற்றரிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தம்பி வீட்டில் தொலைபேசி இல்லை. முத்துக்கடை எண்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இவர் குந்தியிருந்தார். சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டிருந்தார்.

மணி அடித்தது. நானும் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒரே இரைச்சல். ஒரு சொல் போய்ச் சேர்ந்து மறுசொல் வர நேரம் எடுத்தது.

"அண்ணையோ?"

"ஓமடா, நான்தான். கோபேக்கு வாறம். வேலை அலுவலா. அவவும் வாறா."

"வாங்கோ அண்ணை, வாங்கோ. வீட்டிலதானே நிக்கிறியள்?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் மனுஷன் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஓம் என்று சொன்னால் முடிந்தது. சொன்னது என்ன தெரியுமா?

"சாச்சா, வேண்டாமடா. உனக்கேன் வீண் கரைச்சல். கந்தோர் ஹோட்டல் தருது."

இரைச்சல். இன்னும் இரைச்சல். பிறகு தூரத்தில் தம்பியின் குரல்: "சரி அண்ணை."

அதற்குப் பின்னால் ஏதோ சொல்ல வந்தார். நேரம் முடிகிறது என்று பீப் பீப் சத்தம் வந்தது. இவர் ஹலோ ஹலோ என்றார். தொடர்பு அறுந்துவிட்டது.

ரிசீவரை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தீரோ? ஒருக்காத்தான் கேட்டவன்."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னியள்."

"அது மரியாதைக்கெல்லே சொன்னனான்! இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும்."

"அப்ப திரும்ப எடுத்து, வாறம் எண்டு சொல்லுங்கோ."

"மனமில்லாமல் கேட்டவன்ர வீட்டில போய் நிக்கச் சொல்லுறீரோ?"

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் அல்ல, அலுப்பால். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி, நடுவில் கடல், அதற்குள் இந்த மரியாதை. மலைப்பக்க ஹோட்டலை உறுதி செய்யும்படி திங்கட்கிழமை பயண முகவருக்குச் சொல்லிவிட்டார்.

சொல்லிப்போட்டுப் போவது

தூரப் பயணம் போகமுன் மூத்தவர்களிடம் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் போக வேண்டும். மூத்தவ சிட்னியில் இருந்தா. ஆகவே ஜப்பானுக்குப் போவதைச் சொல்ல ஒரு பகல் முழுக்கக் காரோடிச் சிட்னிக்குப் போனோம். போன வாரம் எழுதியிருந்தேனே, மழை பெய்தால் கண்ணாடி மூடாத கார், அதே கார்தான். கோடை. றெக்சின் இருக்கை முதுகில் ஒட்டிப் பிடித்தது. வழி நீளக் காய்ந்த புல், செம்மறி ஆடு, பிறகும் காய்ந்த புல். இவர் அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

இன்றைக்குச் சிட்னியின் வென்ட்வேர்த்வில் நிலையத்தில் இறங்கினால் தோசை மணக்கும், தமிழில் விலை கேட்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம். அன்றைக்கு அந்த நிலையத்தடியில் ஓர் இறைச்சிக் கடையும் ஒரு பத்திரிகைக் கடையும்தான் என் நினைவில் இருக்கின்றன. மச்சாள் வீடு நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும்.

பிட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தா. நாங்கள் சாப்பிடும்வரை ஒன்றும் கேட்கவில்லை. நான் கையலம்பிவிட்டு வர, கேட்டா.

"எங்க நிக்கப் போறியள்?"

"ஹோட்டலில, அக்கா," என்றார் இவர் மிச்சப் பிட்டைப் பார்த்துக்கொண்டு.

"நல்லது. அந்த வீட்டில கை நனைச்சுப்போட்டு என்ர வாசலுக்கு வரப்படாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

கை நனைப்பதென்றால் ஒரு வீட்டில் சாப்பிடுவது. சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட, மனம் ஒத்தால்தான் கை நனைப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பாரம். இவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஜப்பான் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் வெளிக்கிடும்போது மச்சாள் பால்மா வந்த ஒரு பெரிய தகர ரின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. வறுத்து இடித்த கறித்தூள். மூடி திறக்கமுன்பே கார் முழுக்க மணந்தது.

"ஹோட்டல் சாப்பாடு உங்களுக்குச் சரிவராது," என்றா. "கொண்டு போங்கோ."

ஹோட்டல் அறையில் இரண்டு இறாத்தல் கறித்தூளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது? குளியல் தொட்டியிலா கறி காய்ச்சுவது? கேட்கத்தான் வேண்டும், தெம்பில்லை. ரின்னை மடியில் வைத்தபடியே மெல்பேர்ன் வரை வந்து சேர்ந்தேன்.

மலைப்பக்கம்

வரும் நாளையும் ஹோட்டல் பெயரையும் எழுதிப் போட்டிருந்தோம், தம்பி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். முன்மயிர் கொட்டியிருந்தது. சிரித்தால் மட்டும் இவரைப் போலவே இருந்தது. பெட்டிகளை என் கையிலிருந்து பறித்துக்கொண்டார். ஹோட்டல் எங்கே என்று அவரே டிரைவருக்குச் சொன்னார்.

கோபேயில் வழி சொல்வது சுலபம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், ஊர் நடுவில் நீட்டாகக் கிடக்கிறது. மலைப்பக்கமாகப் போ, கடல் பக்கமாகத் திரும்பு என்பார்கள். எங்கள் ஹோட்டல் மலைப்பக்கம். கீழே கூடத்தில் மெத்தை போட்ட கதிரைகளில் மூன்று பேரும் இருந்தோம்.

"மெல்பேர்னில இப்ப வெக்கையோ அண்ணை?"

"ஓம், வெக்கைதான். இஞ்ச குளிரோ?"

"குளிர்தான்."

எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு சந்தித்த அண்ணன் தம்பி பேசியது இவ்வளவுதான். யோஷிகோவைப் பற்றி இவர் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. வீடு என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. பிறகு தம்பி எழும்பினார். எழும்பி, அந்த ஊர்க்காரர் செய்வதுபோல இடுப்பை வளைத்து, தன் கூடப்பிறந்தவனுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். யாரோ வியாபாரத்துக்கு வந்தவருக்கு வைப்பதுபோல.

இவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை.

அப்போது எனக்கு வந்தது துணிச்சல் என்று பலர் பிறகு சொன்னார்கள். இல்லை. எனக்கு இனி ஏலாமல் போய்விட்டது, அவ்வளவுதான். சிட்னி வரை காரில் இருந்த அலுப்பு, விமானத்தில் இருந்த அலுப்பு, இந்த இரண்டு பேரின் மரியாதையைச் சுமந்த அலுப்பு எல்லாம் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டது.

"தம்பி, எனக்கு இந்த ஹோட்டல் வேண்டாம். உங்கட வீட்டில நாங்கள் எங்க படுக்கிறது?"

தம்பி குனிந்தது குனிந்தபடி நின்றார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"மெத்தை எடுத்து வைச்சிருக்கு அண்ணி. அவ ஒவ்வொரு நாளும் வெயிலில போட்டு எடுக்கிறா. அண்ணை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார் எண்டு சொன்னனான். எத்தினை தரம் கேட்டனீங்கள் எண்டு கேட்டா. ஒருக்கா எண்டன். அப்ப அது பதிலில்லை எண்டு சொல்லிப்போட்டு, பக்கத்து வீட்டில போய் இன்னும் ரெண்டு தலகணி வாங்கிக்கொண்டு வந்தா."

அந்த ஊரிலும் முதல் வேண்டாம் மரியாதைதானாம். நாங்கள் யாரை அந்நியப் பெண் என்று ஒதுக்கி வைத்தோமோ, அவவுக்கு எங்கள் வழக்கம் விளங்கியிருந்தது.

"பிறகேன்டா நீ திரும்பக் கேக்கேல்லை?" இவர் கத்திவிட்டார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டாந்தரமும் வேண்டாம் எண்டா நான் என்ன செய்யிறது அண்ணை?"

இவர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஹோட்டல்காரருக்கு என்ன சொன்னோம், எப்படி வெளியே வந்தோம் என்பது எனக்கு நினைவில்லை. சரிவில் ஏறி நடந்ததும், ஒரு வீட்டு வாசலில் சின்ன உருவமாக ஒருத்தி நின்றதும் நினைவிருக்கிறது. யோஷிகோவிடம் பாண் வாசம் அடித்தது. என் கையைப் பிடித்தா, விடவில்லை.

பாய் பதித்த இரண்டு அறைகள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. நிலத்தில் வெயில் பட்ட மெத்தை. சாப்பிடக்கூட எழும்பாமல் படுத்தேன். அப்படி நித்திரை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

எழும்பி வந்தபோது ரின் குசினி மேசையில் இருந்தது. இவர் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். தம்பி மூடியைத் திறந்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், யார் தந்தது என்று கேட்காமலே மூடினார். பிறகு முகம் கழுவப் போனவர் வர நிறைய நேரமாயிற்று. அன்று மத்தியானம் அந்தத் தூளில் அவரே மீன்கறி காய்ச்சினார். எல்லோரும் கை நனைத்தோம்.

ஞாயிறு பின்னேரம்

திரும்பி வரும் வழி முழுக்க இவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு ஹோட்டல் என்றே சொல்ல வேண்டும். ஒரு பொய், அவ்வளவுதான். எல்லோருக்கும் நல்லது. நான் சரி என்றேன். வாக்குவாதம் செய்ய அப்போதும் எனக்குத் தெம்பில்லை.

வந்த வாரம் ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது. மச்சாள். தானாக எடுப்பது அரிது. இவர் எழும்பி நின்று பேசினார்.

"ஓம் அக்கா. வந்திட்டம். ஓம், வேலை முடிஞ்சுது. ஓம், ஹோட்டலிலதான்."

நான் கிட்டப் போனேன். மச்சாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்ப அந்தத் தூளை என்னடா செய்தனி?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பொறியியலாளர், எல்லாவற்றையும் அளந்து பார்த்தவர், கறித்தூளுக்கு ஒரு பதில் யோசித்து வைக்கவில்லை.

"ஹோட்டலில கறி காய்ச்ச விட்டவங்களோ?" மச்சாளின் குரல் உடைந்தது. "கூடப்பிறந்தவன் அங்க கிடக்க, ஹோட்டலில போய்ப் படுத்திட்டு வந்தனியோடா? நான் ஒரு சொல்லுச் சொன்னா, நீ அதைக் கேட்டிட்டுப் பேசாமல் போறதோ? திருப்பி ஒரு வார்த்தை கேட்டனியோ என்னை?"

ஒரு தரம்தான். மச்சாளும் ஒரு தரம்தான் வேண்டாம் என்றிருந்தா. அந்தப் பிட்டுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தோமே, நானும்தானே, எனக்கு எப்படி விளங்காமல் போனது? மடியில் அந்த ரின்னோடு அவ்வளவு தூரம் வந்தேனே.

ரிசீவரை இவர் கையிலிருந்து வாங்கினேன்.

"மச்சாள், நான். அவர் பொய் சொல்லுறார். நாங்கள் தம்பி வீட்டிலதான் நிண்டனாங்கள். தூளை மணந்த உடனேயே தம்பிக்கு விளங்கிட்டுது. மீன்கறி காய்ச்சினவர். மிச்சத்தை அங்கயே விட்டிட்டு வந்தனாங்கள்."

மச்சாள் அழுதா. ஒரு ரயில் வென்ட்வேர்த்வில்லைத் தாண்டிப் போனது. கோப்பைகள் கிலுகிலுப்பது மெல்பேர்னில் எனக்குக் கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு மச்சாள் கேட்டா.

"வீட்டில எத்தினை அறை?"

"ரெண்டு, மச்சாள்."

"காணும். ஒண்டு எனக்குப் போதும்," என்றா.